பச்சை லேபலும் மாமாட எழுத்தும்

எங்கட மாமா விட்டுப்போன சாமான்களில் இண்டைக்கு மிச்சம் மூன்றுதான். கப்பல் வேலைக்குப் போன காலத்து சீடிசி புத்தகம், காணி உறுதி ஒன்று, ஒரு செம்புக் காசு. முதல் இரண்டையும் பற்றி வீட்டில் யாருக்கும் பேச்சில்லை. மூன்றாவதைப் பற்றி நோன்புப் பெருநாள் கழிஞ்ச கையோட தொடங்கின கதை ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் இழுபட்டது. விக்கிறதில்லை என்பதில் எல்லாரும் ஒரே சொல்லில் நிண்டம். அந்தக் காசு இருக்கிற பிளாஸ்டிக் ஹோல்டரை மாத்துறதா வேணாமா என்பதுதான் இழுபறி.

ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு ரெண்டு மாசக் கதையா என்று கேட்பீங்க. கல்முனை பஸார்ல எங்களைத் தெரிஞ்சாக்களும் அதைத்தான் கேட்டாங்க. அதனாலதான் கொஞ்சம் விலாவாரியா எழுதுறம். இதில் 'நாங்கள்' என்பது மூன்று பேர். ராத்தா, காக்கா, இதைத் தட்டுகிற நான். மூண்டு பேரும் ஒரே உம்மம்மாவின் பேரப்பிள்ளைகள்.

காசு 1870ஆம் ஆண்டு பொறிச்ச இலங்கையின் ஐந்து சதம். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை. மறுபக்கம் நடுவில் ஒரு மரம். அது தென்னையா தாளிப்பனையா என்று எங்கட வீட்டில் தீராத சண்டை. மரத்தோடு சேர்த்து காசின் பெறுமதி சிங்களத்திலும் தமிழிலும் இருக்கு. ஐந்து சதம் என்றதும் கனபேர் அந்தச் சின்னச் சதுரக் காசைத்தான் நினைப்பார்கள். அது 1909இல் வந்தது. இது அதுக்கு முந்தின, உள்ளங்கையில் வெச்சா பாரம் தெரியிற பெரிய செம்பு. ரூபாவை நூறு சதமாகப் பிரிக்கிற முறை இங்கே நடைமுறைக்கு வந்தது 1872இல். காசில் இருக்கிற வருஷம் அதுக்கும் ரெண்டு வருஷம் முந்தினது. வெள்ளைக்காரன் முதல்ல சல்லியை அடிச்சுப்போட்டு மறுகா கணக்கை மாத்தியிருக்கான்.

மாமா இதை வாங்கினது 1996இல், லண்டனில், ஏதோ ஒரு காசுக் கடையில். கப்பல் கரையில் நிண்ட ரெண்டு நாளில் வாங்கினாராம். வாங்கும்போதே அது கெட்டிப் பிளாஸ்டிக்குக்குள் இருந்தது. மேலே வெளிர்பச்சை நிறத்தில் ஒரு லேபல். அதில் நாடு, வருஷம், பெறுமதி, ஒரு நீள இலக்கம், பிறகு 'எம்எஸ்63 ஆர்பி'. இந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் உலகமெல்லாம் சல்லி குடுக்கிறாங்க.

கதையைக் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோனால்தான் விளங்கும். வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல், அந்த நாட்டின் பழைய பெரிய செம்புச் சதங்களைத் தரம் பிரிக்க 1 முதல் 70 வரைக்கும் ஒரு அளவுகோலை உண்டாக்கினார். 60இலிருந்து மேலே என்றால் புழக்கத்தில் கை மாறாத காசு. 70 என்றால் ஒரு குறையும் இல்லாதது. (இந்த ஷெல்டன் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பில் இருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தரம் குறைஞ்சதை வெச்சவர் என்பது அவர் மௌத்தான பிறகு வெளியே வந்தது. தரம் பிரிக்கப் படிப்பிச்ச மனுசனுக்குத் தரம் தெரியாமலா இருக்கும்!) கனகாலம் அந்த இலக்கத்தைச் சொன்னது கடைக்காரர்தான். விக்கிறவரே தன்ட சாமானுக்குப் புள்ளி போட்டால் என்ன நடக்கும் என்று தெரியும்தானே. 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்று ரெண்டு கம்பனிகள் அமெரிக்காவில் தொடங்கின. அவங்க காசை வாங்கிறதும் இல்லை, விக்கிறதும் இல்லை. பார்த்து, புள்ளி போட்டு, லேபலோட பிளாஸ்டிக்குக்குள் வெச்சு ஒட்டிக் குடுப்பாங்க. சேகரிக்கிறாக்கள் அதை 'ஸ்லாப்' என்பாங்க. எம்எஸ்63 என்றால் புழங்காத காசு, ஆனாலும் சின்னச் சின்னக் கீறல் உண்டு. ஆர்பி என்றால் செம்பின் பிறவிச் சிவப்பு பாதி, காலத்தின் மண்ணிறம் பாதி.

அந்தப் பிளாஸ்டிக்குக்கே ஒரு வரலாறு வந்து சேர்ந்ததுதான் புதினம். பிசிஜிஎஸ்ஸின் முதலாவது ஹோல்டரில் காசு இறுக்கமா நிக்காது. ஆட்டினா கிலுகிலு என்று சத்தம் வரும், அதனால அதுக்கு 'ரட்லர்' என்றே பேர். அதுக்குப் பிறகு வந்து 1998 வரைக்கும் போனதுதான் எங்கட மாமாட கையில் இருந்த பச்சை லேபல். என்ஜிசியின் பழைய தடிச்ச ஹோல்டருக்கு 'ஃபேட்டி' என்று பட்டப்பேர். இண்டைக்கு இந்தப் பழசுகளைக் கண்டால் சேகரிக்கிறாக்கள் கூட விலை குடுக்கிறாங்க. அந்தக் காலத்தில் புள்ளி போடுறதில் கை இறுக்கம், இப்ப தாராளம் என்பது அவங்கட நம்பிக்கை. எண்பதுகளில் 63 எடுத்த காசு இப்ப போட்டால் 64 எடுக்கும் என்பாங்க. ஓஎல் பரீட்சையில் அந்தக் காலத்து 'சி' இந்தக் காலத்து 'ஏ' என்று எங்கட வாப்பாமார் செல்லுற மாதிரித்தான். ஆனால் வாப்பாமாரின் பேச்சைப் போல இல்லாமல் இதுக்குச் சந்தையில் அத்தாட்சி இருக்கு. என்ஜிசியைத் தொடங்கினவர்களில் ஒருவரான ஜோன் அல்பனீஸ் 2007இல் சிஏசி என்று இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கினார். அது அமெரிக்கக் காசுகளின் ஸ்லாபைத் திரும்பப் பார்த்து, புள்ளி சரியென்றால் பச்சை ஸ்டிக்கர், போட்ட புள்ளியைவிட நல்ல காசு என்றால் தங்க ஸ்டிக்கர் ஒட்டும். தங்க ஸ்டிக்கர் தேடிப் போறாக்கள் பழைய ஹோல்டர்களில்தான் முதல்ல கண் வைப்பாங்க.

எங்கட கதை தொடங்கினது கொழும்பில். காக்கா ஒரு வேலையாப் போன இடத்தில் பழைய காசு விக்கிற ஒருவரிடம் படத்தைக் காட்டினார். அவர் சொன்னது நேரடியான வியாபாரக் கதை.

"இந்தப் பிளாஸ்டிக் தேஞ்சி போச்சி தம்பி. முன்பக்கம் முழுக்க கீறல். மூலையும் உடைஞ்சிருக்கு. புதுசுல போடுங்க, காசு கண்ணாடி மாதிரித் தெரியும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. புது ஹோல்டர் தெளிவு கூடினது. 2008 அளவில் போலிக் காசுக்கு மேலால போலி ஹோல்டரும் சந்தைக்கு வந்தபிறகு, கம்பனிகள் பாதுகாப்பு அடையாளங்களைக் கூட்டிக்கொண்டே போயின. 2020இலிருந்து பிசிஜிஎஸ் லேபலுக்குள் ஒரு சின்ன சிப்பையும் வைக்குது. போனைக் கிட்டக் கொண்டுபோனால் அது அசலா என்று சொல்லும். தெரியாத ஒருவருக்கு விக்கிறதெண்டால் இதெல்லாம் பெரிய உதவி.

ராத்தாவும் அந்தப் பக்கம்தான் நிண்டா. "காசுதான் முக்கியம். பெட்டி போனா இன்னொரு பெட்டி. நீங்க என்ன, பிஸ்கட்ட விட்டுப்போட்டு பக்கட்டப் பாதுகாக்கிற ஆக்களா?"

இதுக்குப் பதில் சொல்ல ஹோல்டரைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டவேணும். அங்கே ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர். அதில் நீல போல்பொயின்ட் பேனாவால் ஒரு வரி. அரபு எழுத்து. ஆனால் வாசித்தால் தமிழ்: உம்மாக்கு, இது நம்மட காசு.

எங்கட உம்மம்மா தமிழ் எழுத்து படிக்கவில்லை. குர்ஆன் ஓதப் படிச்சா, அதோட அரபுத்தமிழும் வாசிப்பா. இந்தக் கரையில் அந்தத் தலைமுறைப் பெண்களில் கனபேர் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, ஆனால் ஓதப் பள்ளிக்கு அனுப்பினாங்க. தாலாட்டும் மார்க்கச் சட்டமும் கடிதமும் அந்த எழுத்தில்தான் அவங்களுக்கு வந்து சேர்ந்தது. மாமாவுக்கு அரபுத்தமிழ் அவ்வளவா எழுதத் தெரியாது. 'ம'வை ஒரு இடத்தில் கோணலாப் போட்டிருக்கார். லண்டனில் ஒரு காசில் தமிழ் எழுத்தைக் கண்டு சந்தோசப்பட்டு வாங்கியிருக்கார். அந்தத் தமிழைத் தன்ட உம்மாவால் வாசிக்க ஏலாது என்று ஞாபகம் வந்து, உம்மா வாசிக்கிற எழுத்தில் பின்னால எழுதி ஒட்டியிருக்கார். காசின் முன்பக்கம் ராணிட, பின்பக்கம் அரசாங்கத்திட, அதுக்கும் பின்னால எங்கட.

இதில் ஒரு சின்ன விலகல். அரபு எழுத்து இந்தத் தீவின் காசுக்குப் புதுசில்லை. பாரசீகத்து லார் நகரத்தின் பேரால் வந்த 'லாரின்' என்ற வெள்ளிக்கம்பிக் காசு 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் இந்து சமுத்திரக் கரையெல்லாம் புழங்கினது. கம்பியை மடிச்சு அரபு எழுத்து முத்திரை குத்துவாங்க. இலங்கையில் அதைத் தூண்டில்முள் மாதிரி வளைச்சாங்க. எங்களுக்கு வடக்கே, மூதூருக்குக் கிட்ட கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்டு, கண்டி ராஜ்ஜியத்தில் 19 வருஷம் கைதியா இருந்த ரொபர்ட் நொக்ஸ் தன்ட புத்தகத்தில் தூண்டில்முள் வடிவ வெள்ளிக் காசைப் பற்றி எழுதியிருக்கார். மீன் பிடிக்கிற ஊரில் காசும் தூண்டில் மாதிரி இருந்திருக்கு என்பது எங்களுக்குப் பிடிச்ச விஷயம். அவ்வளவுதான், திரும்பி வாறம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அண்டைக்குப் போயா. மாமா லீவில் வந்து மருதமுனையில் கடற்கரைப் பக்கத்து வீட்டில் இருந்தார். உம்மம்மா முதல் நாள்தான் உள்ளுக்குள்ள எங்கட வீட்டுக்கு வந்தவ. மாமி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினா. மாமா வரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போன நாள். இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் அவ்வளவு பேர் மௌத்தாகவில்லை. இதை எங்கட ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. வேறு ஊரில் இருந்து வாசிக்கிறாக்களுக்காக எழுதுறம்.

மூண்டாம் நாள், பக்கத்து வளவில் விழுந்த மதிலுக்குக் கீழ ஒரு பிஸ்கட் டின் கிடைச்சது. உள்ளே ஷொப்பிங் பேக்கில் மூண்டு சுத்துச் சுத்திக் கட்டின பொதி. சீடிசி புத்தகத்தின் ஓரம் நனைஞ்சிருந்தது. உறுதி தப்பியிருந்தது. ஸ்லாபின் ஒரு மூலை உடைஞ்சு, முன்பக்கம் மணல் உரஞ்சிக் கீறல் விழுந்திருந்தது. ஸ்டிக்கரில் நீல மை கொஞ்சம் பரவியிருந்தாலும் எழுத்து அழியவில்லை. கொழும்பு வியாபாரி 'தேஞ்சி போச்சி' என்று சொன்ன கீறல் அந்தக் கீறல்தான்.

இப்ப காசு யாருடையது? மார்க்கக் கணக்குப்படி மாமாட சொத்தில் அவர்ட உம்மாவுக்கு ஆறில் ஒரு பங்கு, மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, ஒரே மகளுக்குப் பாதி. மிச்சம் அவர்ட சகோதரிகளான எங்கட உம்மாமார் ரெண்டு பேருக்கும். அதாவது 24 பங்கில் 4, 3, 12, 5. ஒரு ஐந்து சதக் காசை 24ஆப் பிரிக்கிற கணக்கை உம்மம்மாவே சிரிச்சுக்கொண்டு சொல்லிக்காட்டுவா. கடைசியில் எல்லாரும் தங்கட பங்கை மாமாட மகளுக்கே விட்டுக்குடுத்தாங்க. சுனாமி வரும்போது அவவுக்கு மூண்டு வயசு. இப்ப ஒலுவில் கெம்பஸில் கடைசி வருஷம். எங்களுக்கு மச்சி. வாப்பாட முகம் படத்தில்தான் தெரியும். குரல் தெரியாது. வாப்பாட கையெழுத்து என்று அவவிடம் இருப்பது சீடிசி புத்தகத்தில் ஒரு ஆங்கிலக் கையொப்பமும் இந்த ஸ்டிக்கரும்தான். அதை முதல் முதல் தானே எழுத்துக்கூட்டி வாசிச்சபோது அவவுக்குப் பத்து வயசு. உம்மம்மா அண்டைக்கு அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை.

அப்ப ஹோல்டரை மாத்தக்கூடாது, கதை முடிஞ்சது என்று நாங்களும் நினைச்சம். முடியவிடாமல் பண்ணினதும் மச்சிதான். போன் கெமராவை நல்லாக் கிட்டக் கொண்டுபோய் எடுத்த படம் ஒன்றைக் காட்டினா. காசின் கீழ் விளிம்பில், குண்டூசித் தலையை விடச் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி.

செம்பில் பச்சை என்றால் மூண்டு விதமா இருக்கலாம். ஒன்று, மெதுவான பிவிசி பிளாஸ்டிக் உறையில் முந்தி யாரோ வெச்சிருந்ததால் ஒட்டின பசைமாதிரிப் பச்சை. அது வேதிப்பொருளால் கழுவப் போகும். ரெண்டு, கெட்டியா, வழுவழுப்பா, காலத்தால் வந்த களிம்பு. அது இருந்த இடத்திலேயே இருக்கும். மூண்டாவதுதான் பயம். உப்பில் இருக்கிற குளோரைட்டு செம்போடு சேர்ந்தால், காற்றில் இருக்கிற ஈரத்தையும் ஒட்சிசனையும் வெச்சுக்கொண்டே அது உள்ளுக்குத் தின்னத் தொடங்கும். வெளிர்பச்சைத் தூளா வெளியே வரும். நூதனசாலைக்காரர் இதை 'வெண்கல நோய்' என்பாங்க. ஒட்டுற நோய் இல்லை, ஆனாலும் தானா நிக்காது. ஈரப்பதனை 40 வீதத்துக்குக் கீழ வெச்சால்தான் அடங்கும். எங்கட கடற்கரையில் ஈரப்பதன் 70ஐச் சர்வசாதாரணமாத் தாண்டும். மாரியில் வீட்டு அலுமாரிக்குள்ள தொப்பியில் பூஞ்சணம் பிடிக்கிற ஊர் இது. ஸ்லாப் என்பது காற்றுப் புகாத பெட்டி இல்லை. அதிலும் எங்கடது மூலை உடைஞ்சது.

இப்ப ராத்தாட கேள்விக்குப் பாரம் கூடிட்டு. எழுத்தைக் காப்பாத்தப் போய்க் காசைச் சாகவிடுறதா?

நாங்கள் உக்காந்து பிரிச்சுப் பார்த்தம். ஹோல்டர் மாத்துறது என்று எல்லாரும் ஒரே சொல்லில் சொல்றது உண்மையில் வேற வேற வேலைகள். 'ரீஹோல்டர்' என்றால் பழைய பிளாஸ்டிக்கை உடைச்சு, காசை அதே புள்ளியோட புதுசில் போட்டுத் தருவாங்க. காசைக் கழுவ மாட்டாங்க. 'ரீகிரேட்' என்றால் திரும்பப் புள்ளி போடக் குடுக்கிறது. மூண்டாவது, தாங்களே உடைச்சு, பழைய புள்ளி தெரியாத வெறுங்காசா அனுப்பி அதிர்ஷ்டம் பார்க்கிறது. இதைச் சூதாட்டம் மாதிரிச் செய்றாக்கள் இருக்காங்க. ஒரே காசை பத்துத்தரம் அனுப்புவாங்களாம். நாலாவது, பராமரிப்பு. ஒட்டின பசையையும் களிம்பையும் காசுக்குக் காயம் வராமல் எடுக்கிறதுக்கென்றே அந்தக் கம்பனிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கு. வீட்டில் புளி, பிராஸோ போட்டுத் தேய்க்கிறதை அவங்க பராமரிப்பு என்று சொல்லமாட்டாங்க. தேய்ச்ச காசுக்குப் புள்ளியே கிடைக்காது. 'டீடெய்ல்ஸ்' என்று ஒரு சொல்லைப் போட்டுத் திருப்பி அனுப்புவாங்க. உப்பு தின்ன காசுக்கும் அதே சொல்தான்.

இப்படிப் பிரிச்சதும் ஒரு விஷயம் தெளிவாச்சு. புள்ளி வெறும் பழைய களிம்பு என்றால் புது ஹோல்டர் தேவையில்லை. அது உப்பு நோய் என்றால் புது ஹோல்டர் உதவாது. நோயோட சேர்த்துப் புதுப் பிளாஸ்டிக்கில் மூடித் தருவாங்க, அவ்வளவுதான். கொழும்பு வியாபாரி சொன்ன வேலை எந்தப் பக்கத்தாலும் எங்கட காசுக்கு மருந்தில்லை. அது விக்கிறாக்களுக்கான வேலை. விக்கிறாக்களுக்குக்கூட எல்லா நேரமும் லாபம் என்றில்லை. பச்சை லேபலுக்கென்றே கூடக் குடுக்கிற ஒருவர் வந்தால், மாத்தினவர் நட்டப்பட்டவர்தான். முன்பக்கக் கீறலுக்கு மட்டும் என்றால், பிளாஸ்டிக் பொலிஷ் கொஞ்சம் துணியில் தொட்டு மெதுவா உரஞ்சினால் பாதி போய்விடும். காக்கா முதலில் ஒரு பழைய சீடி பெட்டியில் பழகிப் பார்த்திட்டுத்தான் இதில் கை வெச்சார். பின்பக்கத்தைத் தொடவில்லை.

அனுப்புற செலவையும் சும்மா ஒருக்கா கணக்குப் பார்த்தம். இலங்கையில் இருந்து என்றால் வெளிநாட்டு முகவர் ஒருவர் மூலம்தான் போகவேணும். கட்டணம், ரெண்டு வழிக் கூரியர், காப்புறுதி எல்லாம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நிண்ட டொலர் மே மாதம் 360 வரைக்கும் ஏறினது ஞாபகம் இருக்கும். இப்பவும் 300 பக்கம்தான். அதோட 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிற நாடு இது. 150 வருஷம் கடந்த காசைத் தபாலில் போட முந்தித் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரிக்கத்தான் வேணும். 'சும்மா அனுப்புங்க, ஒண்டும் ஆகாது' என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருப்பாங்க. சுங்கத்தில் மாட்டினால் வந்து நிக்க ஒருவரும் இருக்க மாட்டாங்க.

ராத்தாட இன்னொரு யோசனை நல்லது மாதிரித் தெரிஞ்சது. ஸ்டிக்கரை ஆவியில் காட்டி மெதுவாக் கழட்டி, புது ஹோல்டரில் ஒட்டினால் என்ன? பசை 30 வருஷப் பழசு. கடல் தண்ணி பட்டு மை ஏற்கெனவே பரவினது. ஆவி பட்டால் மிச்சமும் போகலாம். மச்சி கனநேரம் ஒண்டும் கதைக்கவில்லை. பிறகு சொன்னா:

"வாப்பா ஒட்டின இடத்திலயே இரிக்கட்டும் ராத்தா. காசு கெட்டுப் போகவும் விடேலா. ரெண்டுக்கும் வழி இரிக்கா பாருங்க."

வழி இருந்தது. ஸ்லாப் என்பது ரெண்டு பாதி பிளாஸ்டிக்கை ஓரத்தில் உருக்கி ஒட்டினது. திறக்கிறது என்றால் உடைக்கிறதுதான். ஆனால் எங்கே உடைக்கிறது என்பது உடைக்கிறவர்ட கையில். கம்பனியிடம் குடுத்தால் அவங்க அவசரத்தில் எப்படியும் உடைப்பாங்க, அவங்களுக்கு அது குப்பை. நாங்களே ஓரத்தை மட்டும் நுணுக்கமா அறுத்தால் பின்பாதி ஸ்டிக்கரோட முழுசா மிஞ்சும். காசு வெறுங்காசா வெளியே வரும். 63 என்ற புள்ளியோட அதுக்கிருந்த தொடர்பு அறுந்துபோகும். பராமரிப்புக்குப் பிறகு திரும்பப் புள்ளி போட்டால் குறையலாம், 'டீடெய்ல்ஸ்' என்றும் வரலாம். விலையில் பாதிக்கு மேல் போகும். மச்சி இதைக் கேட்டு "போகட்டும்" என்றா. விக்காத காசுக்குப் புள்ளி எதுக்கு என்பது அவட கணக்கு. நாங்களும் மறுத்துப் பேசவில்லை. பங்கை விட்டுக்குடுத்த பிறகு கருத்தை மட்டும் வெச்சுக்கொண்டிருக்க ஏலாதுதானே.

ஆனால் அதுக்கு முந்தி அந்தப் புள்ளி உயிரோட இருக்கா என்று தெரியவேணும். தொட்டுப் பார்க்க ஏலாது, அது பிளாஸ்டிக்குக்குள். பார்க்க மட்டும்தான் ஏலும். வளர்ந்தால் நோய், வளராட்டிக் களிம்பு. ரப்பர் வளையம் வெச்ச இறுக்கமான டப்பா ஒன்று வாங்கினம். உள்ளே நிறம் மாறுற சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. காற்றில் ஈரம் குடிச்சால் அந்த மணிகள் செம்மஞ்சளில் இருந்து பச்சையாகும். அடுப்பில் தாச்சியை வெச்சு மெல்லிய சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வரும். உம்மம்மா அதைக் கண்டு ஏதோ கச்சான் வறுக்கிறம் என்று நினைச்சு வந்தவ. ஒவ்வொரு மாசமும் முதலாம் திகதி, ஒரே மேசை விளக்கு, ஒரே தூரம், ஒரு அடிமட்டத்தைப் பக்கத்தில் வெச்சு ஒரு படம். படம் எடுக்கிற பத்து நிமிஷம்தான் டப்பா திறந்திருக்கும்.

ஜூலையில் தொடங்கினம். ஒக்டோபர் கடைசியில் மாரி பிடிச்சது. நவம்பரில் கடல் இரைச்சல் வீட்டுக்குள்ள வந்து படுத்துக்கொண்டது. சிலிக்கா ஜெல் நவம்பரில் ஒருக்கா, டிசம்பரில் ரெண்டு தரம் நிறம் மாறினது. ஈரமானி ஒரு கிழமை 44 காட்டினபோது மச்சி கெம்பஸில் இருந்து ராத்திரி பத்து மணிக்குப் போன் எடுத்து ஜெல்லை மாத்தச் சொன்னா. மாத்தினம், 36க்கு இறங்கினது.

இப்ப பெப்ரவரி. எட்டுப் படம் சேர்ந்திருக்கு. காக்கா எட்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டா வெச்சுப் பார்த்தார். புள்ளி ஜூலையில் எவ்வளவோ அவ்வளவுதான். தூள் இல்லை. வழுவழுப்பு மாதிரித்தான் தெரியுது. ஹோல்டரை மாத்தவில்லை. இன்னொரு மாரி பார்க்கிறதென்று மச்சி சொல்லியிருக்கா. அப்படியும் எப்பவாவது வளர்ந்தால் யார் கையிலும் தடுமாற்றம் வரக்கூடாது என்று, ஹோல்டரின் ஓரத்தில் எங்கே அறுக்கவேணும், எந்தப் பக்கத்தைத் தொடக்கூடாது என்று பென்சிலால் ஒரு படம் கீறி டப்பா மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கா. பக்கத்தில் ரெண்டு வரி விளக்கம். உம்மம்மாவும் வாசிக்கட்டும் என்று அரபுத்தமிழில். 'ம'வை அவவும் கோணலாத்தான் போடுறா.